முதல் பெயரும் இரண்டாவது பெயரும்

2024 கோடையில் மூன்று மாதம் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே எனக்கு நல்ல துணை பேரன்தான். பதினான்கு வயது, பேஸ்பால் பைத்தியம். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறான். அதில் அவனுக்கென்று ஒரு கற்பனை அணி உண்டு. ஆண்டுக்கொரு முறை பள்ளி, கல்லூரிப் பையன்களின் பட்டியல் வரும், அதிலிருந்து ஆள் எடுக்க வேண்டும். பையன்களும் கற்பனைதான். ஆனால் இவன் எடுத்த ஒவ்வொரு பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். நன்றாக வந்தவனுக்குப் பச்சை மை, வராதவனுக்குச் சிவப்பு மையில் 'வேஸ்ட்'.

ஒரு சிவப்புப் பெயரைக் காட்டி, "இவன் என்னப்பா பண்ணினான்?" என்று கேட்டேன்.

"தோள்பட்டை போயிடுச்சு தாத்தா. எனக்கு அடுத்த டீம் எடுத்தவன் சூப்பர் ஸ்டார் ஆயிட்டான். நிஜத்திலேயும் மெட்ஸுக்கு இப்படி நடந்திருக்கு."

முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து, பையன்களை வரிசையில் நிறுத்தி 'நீ வா, நீ போ' என்று சொன்னவன் நான். அந்தச் சிவப்பு மை என்னவோ செய்தது. அந்த நிஜக் கதையைத் தேடிப் படித்தேன்.

நம் ஐ.பி.எல். ஏலம் எல்லோருக்கும் தெரியும். காசு அதிகம் சொல்பவருக்கு ஆட்டக்காரர். அமெரிக்க பேஸ்பாலில் 1964 வரை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நன்றாக ஆடும் ஒரு பையன் வீட்டு வாசலில் பல அணிகளின் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், பணக்கார அணி கொத்திக்கொண்டு போகும். 1964-ல் ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி மாணவருக்கு ஏஞ்சல்ஸ் அணி 2,05,000 டாலர் கொடுத்தது. முதலாளிகள் பயந்துபோனார்கள். இப்படியே போனால் எல்லோரும் திவால் என்று சொல்லி 1965-ல் டிராஃப்ட் முறையைக் கொண்டுவந்தார்கள். முந்தின வருஷம் கடைசியில் வந்த அணிக்கு முதல் உரிமை. அது ஒரு பையனின் பெயரைச் சொல்லிவிட்டால் வேறு அணி அவனிடம் பேரம் பேசக் கூடாது. ஏழை அணிக்கு நியாயம். பையன் பக்கத்தில் பார்த்தால், தன் விலையைத் தானே பேசும் வழி போயிற்று.

1965 ஜூனில் முதல் டிராஃப்ட். முதல் உரிமை கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸுக்கு. முந்தின வருஷம் 105 ஆட்டம் தோற்ற அணி. அரிசோனா ஸ்டேட் கல்லூரியின் ரிக் மண்டேயை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் ஆறாவது சுற்றில் சால் பாண்டோவையும், இருபதாவது சுற்றில் ஜீன் டெனஸையும் எடுத்தார்கள். இருபதாவது சுற்று என்றால் ஏறக்குறைய ஒப்புக்கு எடுப்பதுதான். அந்த டெனஸ்தான் 1972 வேர்ல்டு சீரிஸில் நான்கு ஹோம்ரன் அடித்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். முதல் பெயரான மண்டேயை அதற்குள் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

நியூயார்க் மெட்ஸ் அந்த 1965-ல் இரண்டாவதாக எடுத்தது லெஸ் ரோர் என்ற பிட்சரை. பெரிய லீகில் அவர் ஆறு ஆட்டங்களில்தான் ஆடினார். அதே டிராஃப்டில் பன்னிரண்டாவது சுற்றில், டெக்சாஸ் பள்ளிப் பையன் ஒருவனை எடுத்தார்கள். பெயர் நோலன் ரயன். பின்னாளில் 5,714 பேட்டர்களை ஸ்டிரைக்-அவுட் செய்து, இன்றுவரை யாரும் எட்டாத கணக்கை வைத்திருப்பவர். ஆனால் ரயனையும் மெட்ஸ் 1971-ல் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. எடுத்தால் மட்டும் போதுமா, காத்திருக்கவும் தெரிய வேண்டும்.

இனி 1966. அந்த வருஷம் முதல் பெயர் சொல்லும் முறை மெட்ஸுக்கு. முந்தின ஆண்டில் 112 தோல்வி. அவர்களுக்கு அடுத்தது அத்லெடிக்ஸ். மெட்ஸ் சொன்ன பெயர் ஸ்டீவ் சில்காட். கலிபோர்னியா பள்ளி ஒன்றில் படித்த 17 வயது கேட்சர். அடுத்து அத்லெடிக்ஸ் சொன்ன பெயர் ரெஜி ஜாக்சன். மண்டே படித்த அதே அரிசோனா ஸ்டேட் மாணவர், கறுப்பின இளைஞர்.

சில்காட் 1967-ல் கீழ்நிலை லீகில் ஆடும்போது, இரண்டாம் பேஸுக்குத் திரும்பப் பாய்ந்ததில் தோள்பட்டை கெட்டது. அது பழையபடி ஆகவே இல்லை. 24 வயதில் ஆட்டத்தை விட்டார். பெரிய லீகில் ஒரு பந்துகூட ஆடவில்லை. ஜாக்சன் 563 ஹோம்ரன் அடித்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். 1973 வேர்ல்டு சீரிஸில் மோதிய இரண்டு அணிகள் எவை தெரியுமா? ஓக்லாண்டுக்கு இடம் மாறியிருந்த அத்லெடிக்ஸும் மெட்ஸும்தான். ஏழு ஆட்டம் வரை போய் அத்லெடிக்ஸ் ஜெயித்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஜாக்சன்.

இன்னொரு வேடிக்கை. அதே 1966-ல், டிராஃப்டுக்கு இரண்டு மாதம் முன்பு, டாம் சீவர் என்ற கல்லூரி பிட்சரோடு வேறொரு அணி செய்த ஒப்பந்தம் விதிமீறல் என்று ரத்தானது. அவரை எடுக்க மூன்று அணிகள் முன்வர, பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். சீட்டு மெட்ஸுக்கு விழுந்தது. 1969-ல் மெட்ஸ் கோப்பை வாங்கியபோது 25 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர் அந்த சீவர். பேரனிடம் இதைச் சொன்னபோது, "பேசாம எல்லாத்தையும் தொப்பியிலேயே போட்டிருக்கலாம் தாத்தா" என்றான்.

சிரிக்கலாம். ஆனால் சிரித்துவிட்டு விட முடியாத ஒரு விஷயமும் இதில் உண்டு. ஜாக்சனை மெட்ஸ் ஏன் விட்டது? தங்களுக்குக் கேட்சர் தேவைப்பட்டது என்பது அணி சொன்ன காரணம். ஜாக்சன் சொன்னது வேறு. வேற்று இனப் பெண்ணோடு நீ பழகுவதால் மெட்ஸ் உன்னை எடுக்காது என்று கல்லூரிப் பயிற்சியாளர் பாபி விங்கிள்ஸ் தன்னிடம் சொன்னதாக அவர் பின்னாளில் சொன்னார். மெட்ஸ் தரப்பு மறுத்தது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அந்த ஜூன் மாதம்தான் அலபாமா மாநிலம் பர்மிங்காமில், ரிக்வுட் மைதானத்தில் ஒரு பெரிய ஆட்டம் நடந்தது. 1967-ல் ஜாக்சன் கீழ்நிலை அணியில் ஆடிய மைதானம் அது. ஆட்டத்துக்கு முன் அவரைத் தொலைக்காட்சியில் பேச வைத்தார்கள். இனிமையான நினைவுகளைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். 78 வயது மனிதர், அந்த ஊரில் ஓட்டலில் தன்னை உள்ளே விடாததையும் சாப்பாடு போட மறுத்ததையும் மறைக்காமல் சொன்னார். சக ஆட்டக்காரர் ஜோ ரூடி வீட்டு சோபாவில் வாரத்தில் மூன்று நான்கு நாள் படுத்திருக்கிறார். பயிற்சியாளர் ஜான் மெக்நமாரா, ரெஜிக்குச் சாப்பாடு இல்லாத இடத்தில் அணியில் யாருக்கும் சாப்பாடு வேண்டாம் என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார்.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஏன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் ஒரு வருஷம், எங்கள் பக்கத்துப் பள்ளி வாலிபால் அணிக்கு ஆள் எடுத்தோம். தேர்வாளர்கள் மூன்று பேர், அதில் நான் இளையவன். பன்னிரண்டு இடத்தில் பதினொன்று முடிந்துவிட்டது. மிச்சம் இருந்த ஓர் இடத்துக்கு இரண்டு பையன்கள். அதில் ஒருவன் எழும்பினால் இடுப்பு வரை வலைக்கு மேலே தெரிவது போல இருக்கும். யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்போது ஒருவர் கேட்டார், "அவன் எந்தத் தெரு?"

இன்னொருவர் சொன்னார். கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெளியூர்ல பத்து நாள் தங்கணும். பசங்க ஒண்ணாச் சாப்பிடணும். எதுக்கு வீண் சிக்கல்?" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் 'உயரம் போதாது' என்று எழுதியதும் என் கைதான். நிஜத்தில் இரண்டு பையன்களும் ஒரே உயரம்.

எடுத்த பையன் நன்றாகவே ஆடினான். அதனால் எங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சில்காட் தோள் கெடாமல் பெரிய கேட்சராக வந்திருந்தால், மெட்ஸையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எடுத்தவன் ஜெயித்துவிட்டால், எடுத்த காரணத்தை யாரும் தோண்டுவதில்லை. தோற்றுவிட்டால் பழி அந்தப் பையன் தலையில். சில்காட் பெயரை இன்றைக்கும் தவறான தேர்வுகளின் பட்டியலில்தான் போடுகிறார்கள். பாவம், அவர் யார் இடத்தையும் பிடுங்கவில்லை. 17 வயதில் கூப்பிட்டார்கள், போனார். அவருக்கு வந்தது காயம்.

ஊருக்குத் திரும்பும் முன் பேரனிடம் சொன்னேன், "தம்பி, அந்த வேஸ்ட்டை அடிச்சிடு. அதுக்குப் பதிலா, எடுத்த அன்னிக்கு ஏன் எடுத்தேன்னு ஒரு காலம் போட்டு எழுது."

"கேம்ல அதெல்லாம் கேக்காது தாத்தா" என்றான். ஆனாலும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான். பக்கத்தின் மேலே 'ஏன்' என்று எழுதிவிட்டு, "உங்க டீமுக்கு நீங்க எழுதுவீங்களா?" என்று கேட்டான். எழுதினேன், ஆனால் பொய்யாக எழுதினேன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவன் தமிழ் வாசிப்பான். இதை அவனுக்கும் அனுப்பப் போகிறேன்.