ஏழையர் திறந்த கதவு

காசநோய் தீர ஓய்வும் ஊட்டவுணவும் மருத்துவமனைவாசமும் இன்றியமையாதன என்று கருதப்பட்ட காலம் அது. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தோன்றியது. 193 ஏழை நோயாளரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினர்க்கு மருத்துவமனையிலும் மற்றவர்க்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தனர்.

வீட்டிலுள்ளோர் மருந்தை நாள்தோறும் உண்டனரா? ஊழியர் வீடுதேடிச் சென்றனர், எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். உடனுறைந்த குடும்பத்தாரையும் நிலையம் தொடர்ந்து கவனித்து வந்தது. இவ்வளவுக்கும் இசைந்து கதவைத் திறந்தவர் அம்மக்களே.

1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டு மருத்துவம் ஏறக்குறைய அதே பயனைத் தந்தது. உடனுறைந்தோர்க்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. தாப்பா வட்டாரத் தோட்ட லயங்களைப் போன்ற நெருக்கடியான இல்லங்களில் வாழ்ந்தோர்க்கு இது பெரும் நற்செய்தியன்றோ!

அறிக்கையில் மருத்துவர் பெயர்கள் உள. கதவு திறந்தவர் பெயர்கள் இல. அவர்தம் நம்பிக்கையின்றி அவ்வறிக்கை ஏது?