ஜப்பானில் ஆங்கில ஆசிரியர்: வருகையும் நிலைபேறும்

தாய்நாட்டை விட்டுச் சென்று பிறநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பது இன்று சான்றிதழ்ப் படிப்பு, ஆட்சேர்ப்பு முகமை, ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பிப்பு என வரையறுத்த படிகளைக் கொண்ட ஒரு தொழிலாகிவிட்டது. இத்தொழில் உருவான வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பயில்வதற்கு ஜப்பானை விடப் பொருத்தமான நாட்டைக் காண்பது அரிது. மெய்ஜி ஆட்சி தொடங்கிய 1868-ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே வெளிநாட்டு ஆங்கில ஆசிரியரை அமர்த்தும் வழக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலம் நீங்கலாக, அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. அந்த நெடிய வழக்கத்தினூடே ஓர் இயல்பு மாறாமல் நிலைத்திருப்பதைக் காணலாம்: வருவோருக்கு வாயில் அகலத் திறந்திருந்தது, தங்கித் தொழிலைத் தொடர விரும்பியோருக்கோ அது பெரிதும் ஒடுங்கியே இருந்தது. ஆயினும் ஆங்கிலம் கற்பித்தல் என்பது ஆய்வுக்குரிய ஒரு துறையாக வளர்ந்ததற்கு, அவ்வொடுங்கிய வாயிலுக்குள் நுழைந்து நெடுநாள் தங்கிய மிகச் சிலரே காரணமாயினர்.

இவ்வழக்கத்துக்கு முன்வரலாறும் உண்டு. வெளிநாட்டவர் நுழைவைத் தடைசெய்திருந்த தொக்குகாவா ஆட்சியில் நாகசாகித் துறைமுகத்தின் டச்சு வணிகர்களே மேற்குலகோடு இருந்த ஒரே இணைப்பு. 1808-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஃபீட்டன் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு அத்துறைமுகத்துக்குள் புகுந்ததும், அவமானம் தாளாமல் நாகசாகி ஆளுநர் உயிர் துறந்ததும், ஆங்கிலம் அறியாதிருப்பது ஆபத்து என்பதை அரசுக்கு உணர்த்தின. மறு ஆண்டிலேயே டச்சு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலமும் கற்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆனால் அவர்களுக்குக் கற்பித்தவரும் ஒரு டச்சுக்காரரே ஆதலால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் ஒலிப்பு அவர்கள் செவிக்கு எட்டவில்லை.

அந்தக் குறை 1848-இல் எதிர்பாராத விதமாக நீங்கியது. ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் வட அமெரிக்கச் சினூக் பழங்குடித் தாய்க்கும் பிறந்த ரனால்டு மெக்டொனால்டு என்னும் இளைஞர், திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஜப்பானின் வடகடலை அடைந்ததும் சிறு படகொன்றில் தனியே இறங்கி, கப்பல் உடைந்து கரையொதுங்கியவரைப் போலத் தோன்றும்படி படகைக் கவிழ்த்துக் கரை சேர்ந்தார். தம் தாய்வழி மக்களுக்கும் ஜப்பானியருக்கும் உறவு உண்டு என்ற நம்பிக்கையும், அந்நாடு என்றேனும் திறக்கும்போது மொழியறிந்தவருக்கு அங்கே பணி இருக்கும் என்ற கணிப்பும் அவரைச் செலுத்தின. அகராதி, இலக்கணம், வரலாறு முதலிய நூல்களை அவர் உடன் கொண்டு சென்றதிலிருந்து, துணிச்சலோடு முன்னேற்பாடும் அவரிடம் இருந்தது தெளிவாகிறது. நாகசாகியில் காவலில் வைக்கப்பட்ட அவரிடம் 14 மொழிபெயர்ப்பாளர்கள் ஏறத்தாழ ஏழு மாதம் பயின்றனர். அவர்கள் உரக்கப் படிக்க, அவர் ஒலிப்பைத் திருத்தி, தமக்குத் தெரிந்த சிறிதளவு ஜப்பானிய மொழியில் பொருள் விளக்கினார். அவர்களிடம் கேட்ட ஜப்பானியச் சொற்களைக் குறித்தும் வைத்தார். 1849 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பலொன்றில் அவர் அனுப்பப்பட்டதோடு அந்தப் பள்ளி முடிந்தது. அவரிடம் பயின்ற மொரியாமா எய்னோசுகே, 1854-இல் அமெரிக்கத் தளபதி பெரியுடன் உடன்படிக்கை பேசப்பட்டபோது தலைமையான மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருந்தார்.

மெய்ஜி அரசு மேற்கத்திய அறிவை விரைந்து பெறுவதற்காகப் பொறியாளர், மருத்துவர், சட்ட வல்லுநர், ஆசிரியர் ஆகியோரை உயர்ந்த சம்பளத்தில் வரவழைத்தது. 'ஒயதோய் கைகொகுஜின்', அதாவது கூலிக்கு அமர்த்தப்பட்ட வெளிநாட்டவர் என்று அழைக்கப்பட்ட இவர்களுள் சிலர் அமைச்சர்களுக்கு நிகரான ஊதியம் பெற்றனர். ஆனால் அந்த ஏற்பாட்டின் நோக்கமே அவர்களைத் தேவையற்றவர்களாக ஆக்குவதுதான்: வெளிநாட்டவரிடம் பயிலும் மாணவரைத் தேர்ந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் மேற்படிப்புக்கு அனுப்பி, அவர்கள் திரும்பியதும் அந்த நாற்காலிகளில் அமர்த்துவது அரசின் திட்டம். ஒரு நாடு தன் அறிவுத்துறைகளைத் தன் மக்களிடமே ஒப்படைக்க விரும்பியதில் குற்றம் காண்பதற்கில்லை. எனினும் அத்திட்டத்துக்குள் வாழ்ந்த தனிமனிதருக்கு அது என்ன செய்தது என்பதும் வரலாற்றின் பகுதியே. அதை லாஃப்காடியோ ஹெர்னின் வாழ்க்கை எடுத்துக்காட்டுகிறது.

கிரேக்கத் தீவொன்றில் 1850-இல் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்கச் செய்தித்தாள்களில் எழுதிப் பெயர் பெற்ற ஹெர்ன், 1890 ஏப்ரலில் யோகோஹாமாவில் இறங்கியபோது ஆசிரியராக வரவில்லை. இதழொன்றுக்குக் கட்டுரை எழுத வந்தவர், அந்த இதழோடு பிணங்கிய பிறகு பிழைப்புக்கு வழி தேடினார். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேசில் ஹால் சேம்பர்லினின் பரிந்துரையால் மட்சுயே என்னும் சிறுநகரின் நடுநிலைப் பள்ளியில், மாதம் 100 யென் சம்பளத்தில், அவருக்கு வேலை கிடைத்தது. பட்டமோ கற்பித்தற் பயிற்சியோ அவருக்கு இல்லை. ஆனால் அப்பள்ளியின் தலைமையாசிரியப் பொறுப்பில் இருந்த நிஷிதா செந்தாரோவின் நட்பும், கொய்சுமி செட்சுவுடனான திருமணமும் அவரை அவ்வூரோடு பிணைத்தன. மறு ஆண்டு இரட்டிப்புச் சம்பளத்தில் குமமோட்டோவின் மேல்நிலைக் கல்லூரிக்குச் சென்றார். பின்னர்க் கோபே நகரில் சிறிது காலம் இதழாசிரியராக இருந்தார்.

1896-இல் அவர் கொய்சுமி யாகுமோ என்ற பெயருடன் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். வெளிநாட்டவரின் மனைவியாகப் பதிவானால் செட்சு தம் குடியுரிமையை இழக்க நேரும் என்பதும், தமக்குப் பின் சொத்து மனைவி மக்களைச் சேரவேண்டும் என்பதும் அம்முடிவுக்கு முதன்மையான காரணங்கள். அதே ஆண்டு டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். மாணவர் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளும் வகையில், எளிய சொற்களில், மெதுவாகவே அவர் பேசினார். அவருடைய மறைவுக்குப் பின் வெளிவந்த விரிவுரைத் தொகுப்புகள் அம்மாணவர்களின் குறிப்பேடுகளிலிருந்து உருவானவை. ஓர் ஆசிரியரின் பணிக்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் 1903-இல் பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மாணவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு குறைந்த பணிநேரத்தோடு தொடருமாறு சமரசம் பேசப்பட்டது, அவர் ஏற்கவில்லை. நாட்டின் குடிமகனாகவே ஆகிவிட்ட ஒருவரையும் தற்காலிகப் பணியாளர் என்ற வரையறையிலிருந்து அந்த ஏற்பாடு விடுவிக்கவில்லை. அடுத்த ஆண்டு வசேதாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், சில மாதங்களிலேயே காலமானார்.

இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் அவர் விட்ட இடத்தில் அமர்த்தப்பட்டவர்களுள் ஒருவர், பின்னாளில் நவீன ஜப்பானிய நாவலின் பெரும் படைப்பாளியாக விளங்கிய நட்சுமே சோசெகி. கல்வி அமைச்சகத்தின் செலவில் 1900 முதல் 1902 வரை லண்டனில் தங்கிப் பயின்று திரும்பியிருந்த அவர், மேற்சொன்ன திட்டத்தின் நேரடி விளைவு. ஆனால் ஹெர்னிடம் பழகிய மாணவர்கள் புதியவரை உவந்து ஏற்கவில்லை. சோசெகியும் அப்பணியில் நிறைவு காணாமல் 1907-இல் அதைத் துறந்து செய்தித்தாள் நிறுவனமொன்றில் எழுத்தாளராகச் சேர்ந்தார்.

கற்பித்தல் முறையே ஆய்வுப் பொருளானது அடுத்த தலைமுறையில்தான். பெல்ஜியத்தில் மொழிப்பள்ளி நடத்தி, பின்னர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஒலியியல் துறையில் பணியாற்றி, மொழி கற்பித்தல் பற்றி நூல்கள் எழுதியிருந்த ஹெரால்டு பால்மர், 1922-இல் கல்வி அமைச்சகத்தின் மொழியியல் ஆலோசகராக டோக்கியோ வந்தார். இலக்கணத்தை விளக்கி மொழிபெயர்த்துச் செல்லும் பழைய முறைக்கு மாறாக, முதலில் செவிக்கும் வாய்க்கும் பயிற்சி தரவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அதற்கென ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் 1923-இல் அமைந்தது. 1936 வரை அங்கே தங்கிய அவருக்கு நுழைவுத் தேர்வுகள் பெருந்தடையாக நின்றன. மொழிபெயர்ப்பையே அளந்த தேர்வு மாறாதவரை பள்ளியின் முறையும் முழுதாக மாற இயலவில்லை. எனினும், கற்போருக்கு முதலில் எந்தச் சொற்களைத் தரவேண்டும் என்ற வினாவை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு அவர் தொகுத்த பட்டியல்கள் உலகெங்கும் பாடநூல் எழுதுவோருக்கு வழிகாட்டின.

பால்மரின் பணியைத் தொடர்ந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1924-இல் கியூஷு தீவின் ஒய்தா நகர வணிகக் கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்க வந்த அவர், தம் மாணவருக்குத் தேவை இலக்கியமன்று, மொழியே என்பதை வகுப்பறையில் உணர்ந்து, அதன் வழியே பால்மரின் ஆய்வில் இணைந்தார். ஒரு வினைச்சொல்லை எந்த வாக்கிய அமைப்பில் பயன்படுத்துவது, எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ண இயலாது என்பன போன்று, தாய்மொழியாளர் கேட்கவே கேட்காத, ஆனால் அயல்மொழியாளர் ஒவ்வொரு வரியிலும் தடுமாறும் ஐயங்களைத் தீர்க்கும் அகராதியொன்றை அவரும் கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவரும் தொகுத்தனர். போர் மூண்டு, ஆங்கிலம் எதிரியின் மொழி என்று இகழப்பட்டு, ஹார்ன்பியே நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த 1942-இல் அந்த அகராதி டோக்கியோவில் அச்சாகி வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை 1948-இல் மறுபதிப்பாக வெளியிட்டது. பிற்காலத்தில் தமிழகக் கல்லூரி மாணவர்களின் மேசைகளையும் அடைந்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி அதன் வழிவந்ததே. பால்மர், ஹார்ன்பி வழியில் உருவான, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பயிற்றும் முறையைச் சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியருக்குக் கொண்டுசேர்க்கும் முயற்சி 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு தொடங்கியது. முதலில் பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, அவர் இன்னும் பலருக்குத் தர, உருளும் பனியுருண்டை பெருப்பதைப் போல வளரும் என்று கருதப்பட்டமையால் அது பனியுருண்டைத் திட்டம் எனப் பெயர் பெற்றது. ஒய்தாவில் ஒருவர் தம் மாணவரின் பிழைகளைப் பொறுமையோடு கவனித்ததன் பயன் அவ்வளவு தொலைவு வந்தது.

போருக்குப் பின் பயணத்துக்கு முந்திய பயிற்சியும் ஒழுங்குபெற்றது. ஸ்பெயினின் கோர்தோபா நகரில் மொழிப்பள்ளி நடத்திய ஜான் ஹேக்ராஃப்ட், பிரீட்டா ஹேக்ராஃப்ட் இணையர், 1962-இல் லண்டனில் குறுகிய காலப் பயிற்சி வகுப்பொன்றைத் தொடங்கினர். மேற்பார்வையில் உண்மையான மாணவர்க்குப் பாடம் நடத்திக் காட்டுவதை உள்ளடக்கிய, இன்று செல்டா என்று அறியப்படும் நான்கு வாரச் சான்றிதழ்ப் படிப்பு அதிலிருந்து வளர்ந்ததே.

ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டம் வேறு வழியில் சென்றது. வணிக உரசல்களால் அமெரிக்காவோடு கசப்பு மிகுந்திருந்த காலத்தில் மக்களிடையே உறவை வளர்ப்பதும் அதன் நோக்கமாதலால், பட்டம் மட்டும் பெற்ற இளைஞர்களை, கற்பித்தல் தகுதியை வற்புறுத்தாமல், உதவி ஆசிரியராக அது ஏற்றது. நான்கு நாடுகளைச் சேர்ந்த 848 பேருடன் தொடங்கி, 2002-இல் 6,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டதாக வளர்ந்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் வரையிலும், 2007 முதல் ஐந்து ஆண்டுகள் வரையிலும் புதுப்பிக்கத்தக்கது. மாணவரின் பெயர்களும் பலவீனங்களும் பழகி, ஜப்பானிய மொழியும் ஓரளவு கைவந்து, ஆசிரியர் உண்மையிலேயே பயன்படத் தொடங்கும் பருவத்தில் அவரை விடுவிக்கும் இந்த விதி, ஆசிரியப் பணி என்ற நோக்கில் பார்த்தால் பெருங்கேடு.

தனியார் உரையாடற் பள்ளிகளில் நிலைபேறு இன்னும் அரிது. அவற்றுள் மிகப் பெரியதான நோவா 2007 அக்டோபரில் நொடித்தபோது, 4,000-க்கு மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்கள் வேலையும் சம்பளப் பாக்கியும் இழந்தனர். நிறுவனம் அமர்த்தித் தந்த வீடுகளிலேயே பலர் குடியிருந்ததால் உறைவிடத்துக்கும் ஆபத்து வந்தது.

நீண்டகாலம் தொடர்வதற்குச் சட்டப்படியான வழிகள் மெல்லத் திறந்தன. அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவர் முறையான பேராசிரியராகலாம் என்று 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. வழக்கமான ஆசிரியர் உரிமம் இல்லாதவருக்கும், அவருடைய அறிவையும் அனுபவத்தையும் கருதி மாகாணக் கல்வி வாரியம் சிறப்பு உரிமம் வழங்கும் முறை 1988-இல் ஏற்பட்டது. 2020 முதல் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால் ஆசிரியர் தேவை பெருகியிருக்கிறது. ஆயினும் உதவி ஆசிரியருள் மிகப் பலர் இன்றும் ஆண்டு ஒப்பந்தத்திலேயே, அவர்களில் ஒரு பகுதியினர் இடைநிலை நிறுவனங்களின் வழியே அனுப்பப்படுபவர்களாகப் பணிபுரிகின்றனர். வகுப்பைத் தனித்து நடத்தும் உரிமை ஆசிரியர் உரிமம் பெற்ற சிலருக்கே உண்டு.