கல்பாக்கத்துப் புளூட்டோனியம்

புளூட்டோனியத்தை அணுகுண்டோடு சேர்த்தே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். 1940-41இல் பெர்க்லியில் சீபோர்க் குழுவினர் உருவாக்கிய இத்தனிமம்தான் 1945இல் நாகசாகியை எரித்தது. 1974இல் பொக்ரானில் வெடித்ததும் அதுவே. அவ்வெடிப்புக்குப் பின், கல்பாக்கத்துச் சோதனை வேக ஈனுலைக்குத் தரவிருந்த செறிவூட்டிய யுரேனியத்தைப் பிரான்ஸ் மறுத்தது. நம் அறிவியலாளர்கள் 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடும் எஞ்சியது யுரேனியம் கார்பைடுமாக ஓர் எரிபொருளைத் தாமே ஆக்கினர். அதற்குமுன் எந்த நாட்டு உலையும் இதை முதன்மை எரிபொருளாகக் கொண்டதில்லை. 1985 அக்டோபர் 18இல் உலை உயிர்பெற்றது.

தன்னிறைவு என்று கொண்டாடுகிறோம், நியாயந்தான். தடையைக் கொணர்ந்த தனிமமே தடையைத் தாண்டவும் உதவிய விந்தையை ஏனோ அதிகம் பேசுவதில்லை. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகளுக்கு மேலாகும். பக்கத்து மாமல்லபுரத்துக் கற்கோயில்களுக்கு வயது ஏறத்தாழ 1,300.