இரும்புக்கை மாயாவி: மறைந்தும் மீண்ட ஒற்றன்

சரித்திரம் என்றதும் அரசரும் போர்க்களமும் கல்வெட்டும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. பாடப்புத்தகத்தினுள் ஒளித்துவைத்து வாசித்த சித்திரக்கதைக்கும் ஒரு சரித்திரம் உண்டென்றால், இம்மலரைக் கையிலெடுக்கும் பெரியோர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 'மாயாவி' என்ற பெயரைக் கேட்டதும் நரைத்த தலைகளும் நிமிர்வதை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஒற்றன் பிறந்து, மறைந்து, மீண்டும் எழுந்த வரலாற்றை இங்கு நோக்குவோம்.

இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தது. அப்போரை நேரில் காணாத பிரித்தானியச் சிறுவர்க்கு அதனைப் படமாக்கிக் காட்டியவை சிறு போர்ச் சித்திரக்கதை நூல்களே. 1958இல் 'வார் பிக்சர் லைப்ரரி'யும், 1961இல் 'கொமாண்டோ'வும் தோன்றின. அவற்றின் நாயகர் போர்வீரர்கள். காலம் பனிப்போர்க் காலமாக மாறவே, படைவீரனுக்குப் பக்கத்தில் ஒற்றனும் வந்து நின்றான். ஜேம்ஸ் பொண்ட்டின் முதலாவது திரைப்படம் இலண்டனில் 1962 ஒக்ரோபர் 5ஆந் திகதி திரையிடப்பட்டது. அதற்கு மறுநாட் திகதியைத் தாங்கி 'வலியன்ற்' என்னும் வார இதழின் முதலிதழ் வெளிவந்தது. நம் மாயாவி பிறந்தது அவ்விதழிலேதான்.

அவனது இயற்பெயர் லூயிஸ் கிரண்டெல். ஆய்வுகூடத்தில் ஓர் உதவியாளன். முன்னொரு விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பூண்டவன். மின்சாரம் பாய்ந்த மற்றொரு விபத்தில் அவன் உடல் முழுவதும் மறைந்துபோக, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியலாயிற்று. அரிய ஆற்றல் கைவந்ததும் அவன் செய்த முதல் வேலை என்ன? களவு! தொடக்கத்திற் குற்றவாளியாக அலைந்தவனே பின்னர் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் ஒற்றனானான். ஆற்றல் வேறு, அறம் வேறு; முன்னது ஒரு நொடியில் வரலாம், பின்னதைத் தேடியே பெறல்வேண்டும். இதனை அக்கதை உபதேசமின்றியே உணர்த்தியது.

இனி ஒரு விந்தையைக் கூறுவோம். கதையை முதலில் எழுதியவர் விஞ்ஞானப் புனைகதை ஆசிரியர் கென் பல்மர். பின்னர் தொடர்ந்தவர் ரொம் ரலி. படங்களை வரைந்தவர் 1919இல் பார்சலோனாவிற் பிறந்த ஹேசுஸ் பிளாஸ்கோ. இவர்களின் பெயர்களை அவ்விதழ் வாசகருக்குத் தெரிவிக்கவில்லை. படைத்தோர் பெயரை அச்சிடாமை அக்காலப் பிரித்தானிய வார இதழ்களின் வழக்கம். மாயாவியின் கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பிளாஸ்கோவின் கைவண்ணம் தெரிந்தது, அவரும் தெரியவில்லை!

1972 சனவரியில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, அதன் முதலிதழாக வந்தவன் இந்த மாயாவியே. இலண்டனில் அவன் 1962இலேயே பிறந்துவிட்டான். தமிழிலோ அவன் அப்போதுதான் பிறந்தான். ஆனால் அவ்வேளை தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி இலங்கையிற் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்கட்டுப்பாடு வீரகேசரிப் பிரசுரம் போன்ற முயற்சிகளால் ஈழத்து எழுத்தாளர் தலைநிமிர உதவியது என்பதை மறத்தலாகாது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் தென்னிந்திய இதழ்களுக்கு மீண்டும் வழி பிறந்தது. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த மாயாவிக் கதைகள் பல வீடுகளின் பெட்டிகளிற் சேர்ந்தன.

அப்பெட்டிகள் எங்கே? 1983 ஆடியிற் கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தபோது, உயிரும் உடைமையும் இழந்தோர் முன்னிலையில் ஒரு சித்திரக்கதைக் கட்டுக்காக எவர் அழுவார்? ஆயினும் ஒரு வீட்டார் எதை வாசித்தனர், எதற்காகச் சிரித்தனர் என்பதற்கான சான்றும் அத்தீயிலேயே போயிற்று.

பிரித்தானியாவில் மீட்சி மெல்லவே வந்தது. 2005இல் அலன் மூர் வகுத்த கதையமைப்பில் வெளிவரத் தொடங்கிய 'அல்பியன்' தொடர், கிரண்டெல் உட்பட மறக்கப்பட்ட நாயகர் பலரை மீண்டும் நடமாடவிட்டது. பின்னர் றிபெல்லியன் நிறுவனம் 2016இலும் 2018இலும் பழைய இதழ்களின் உரிமைகளை வாங்கி, 2021இல் மாயாவியின் தொடக்கக் கதைகளை நூலாக்கியது. 1975இல் தோன்றிய 'பற்றில்' போர் இதழின் நாயகரும் 2022இல் கார்த் எனிஸின் எழுத்திற் புத்துயிர் பெற்றனர். சிவகாசியிலோ முத்து காமிக்ஸ் அதே 2022இற் பொன்விழாக் கண்டது; மாயாவியின் பழைய கதைகளும் மறுபதிப்புப் பெற்றுள்ளன.

ஆகவே மீட்டெடுத்தல் இருவகைப்படும். ஒன்று பழையதை உள்ளவாறே பதித்தல். மற்றொன்று பழைய நாயகனுக்குப் புதுக்கதை புனைதல். இரண்டும் வேண்டியவையே. எனினும் முன்னது முந்தவேண்டும் என்பது எமது துணிபு. மூலம் கைவசம் இல்லாதவிடத்துப் புதுமை எதன்மேல் நிற்கும்? பழைய போர்க்கதைகளில் யப்பானியரையும் ஜேர்மனியரையும் இழிவுபடுத்தும் சொற்கள் உண்டு. 1942 ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பிலும் குண்டு விழுந்தது. இந்தியப் படையினர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் அப்போரிற் பணிபுரிந்தனர். அத்தகைய நம்மவரோ அக்கதைகளில் அரிதாகவே தோன்றுவர். இக்குறைகளை அழித்துப் பதிப்பது பொய். முன்னுரையிற் சுட்டிப் பதிப்பதே நேர்மை. படைத்தோர் பெயரையும் அவ்விடத்தே பொறித்தல் கடன்.

இளைஞர்களே, இலண்டன் தன் பழைய வார இதழ்களை விலைகொடுத்து மீட்கிறது. நமது மலர்களையும் சஞ்சிகைகளையும் சித்திரக்கதைகளையும் மீட்பவர் யார்? 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துப் பேணி வருகிறது. எனினும் வீட்டுப் பரணில் கிடப்பதை இறக்கிக் கொடுக்கும் கை நம்முடையதாக அல்லவோ இருத்தல்வேண்டும்? அடுத்த முறை பழைய கடதாசிக்காரர் வாசலில் நிற்கையில், கட்டை அவிழ்த்து ஒருமுறை பாருங்கள். பெரியோர்களே, அவற்றை வரைந்தவர் யார், எழுதியவர் யார், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதை அட்டையின் உட்புறத்திற் குறித்துவையுங்கள். அச்செயலால் மாயாவியுடன் அவனைப் படைத்த கைகளும் மீளும். அவற்றோடு நாமும் மீள்வோம்.