13 தையல்

"குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டலை" என்று தோல்வியை ஒத்துக்கொள்ளாத ஆசாமிகளை நாம் கிண்டல் செய்வோம். ஆனால் மீசை நிறைய மண்ணோடு எழுந்து நின்றே பேர் வாங்கியவர்கள் குத்துச்சண்டையில் உண்டு. அவர்களில் எனக்குப் பிடித்தவர் சதீஷ் குமார்.

உத்தரப் பிரதேசத்துக்காரர், ராணுவ வீரர். ஒலிம்பிக்கில் 91 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். டோக்கியோவில் (கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போனதே, அந்த ஒலிம்பிக்) ஜமைக்காவின் ரிக்கார்டோ பிரவுனை ஜெயித்தார். ஆனால் நெற்றியிலும் தாடையிலும் காயம். மொத்தம் 13 தையல்!

அடுத்து காலிறுதி. ஜெயித்தால் வெண்கலம் நிச்சயம் (அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு). எதிரில் 2019 உலக சாம்பியன், உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ். வீட்டில் வேண்டாம் என்றார்கள். டாக்டர்கள் அனுமதிக்க, மனிதர் இறங்கிவிட்டார். மூன்றாவது ரவுண்டில் நெற்றிக் காயம் மறுபடி திறந்துகொண்டது. கடைசி மணி அடிக்கும்வரை நின்றார். முடிவு 0-5.

நான் இருக்கும் கொச்சி, கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். மட்டாஞ்சேரி டீக்கடையில் 0-5 என்று சொன்னால் மானம் கப்பலேறிய கணக்கு. குத்துச்சண்டையில் அந்த 5, ஐந்து நடுவர்களும் எதிராளி பக்கம் என்பதை மட்டும்தான் சொல்லும். ஜலோலோவ் கைதான் ஓங்கியிருந்தது, சந்தேகமே இல்லை. ஆனாலும் சண்டை முடிந்ததும் அவரே சதீஷின் துணிச்சலைப் பாராட்டினார். ஜெயித்தவனை வாழ்த்துவது போல போன் மேல் போன் வந்ததாக சதீஷ் பிறகு சொன்னார்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் வேறு மாதிரி. 81 கிலோ காலிறுதியில் குர்சரண் சிங், எதிரில் உக்ரைனின் ஆந்திரி ஃபெட்சுக். அப்போது விழும் குத்துகளை எண்ணி பாயிண்ட் போடுவார்கள். கடைசி நொடிகள் வரை குர்சரண் முன்னிலை. முடிவில் 12-12, சமனை முறிக்கும் கணக்கில் ஃபெட்சுக்குக்கு வெற்றி. குத்துச்சண்டையில் நம் முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கு, 2008ல் விஜேந்தர் சிங் வரும்வரை காத்திருந்தோம். 12-12, 0-5... ரெக்கார்டில் இரண்டுக்கும் ஒரே வரிதான்: காலிறுதியில் தோல்வி.

'ராக்கி' (1976) படம் பிறந்ததும் ஒரு தோல்வியில்தான். 1975 மார்ச்சில் சக் வெப்னர், முகமது அலியிடம் 15வது ரவுண்டு வரை தாக்குப்பிடித்து, முடிய 19 நொடி இருக்கும்போது தோற்றார். அதைப் பார்த்துத்தான் ஸ்டாலோன் கதை எழுதினார். அந்த முதல் படத்தில் ராக்கியும் ஜெயிப்பதில்லை, கவனித்தீர்களா?

பி.காம். படித்த நாளிலிருந்து எண்களோடுதான் என் பிழைப்பு. கணக்கியலில் ஒரு விதி உண்டு. விலை கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் புத்தகத்தில் ஏற்றலாம், நாமே உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயரை ஏற்றக்கூடாது. சதீஷுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வகை.

பிழைக்க வந்த இடத்தில் நம் பிள்ளைகளை மார்க், ரேங்க் என்று ஒற்றை எண்ணில் அளந்துகொண்டிருக்கிறோம். காயத்தோடு சண்டைக்குப் போ என்று யாரும் சொல்ல வேண்டாம். ரிசல்ட் வரும் அன்றைக்கு எண்ணைக் கேட்பதற்கு முன்னால், எப்படிப் போராடினாய் என்று ஒரு வார்த்தை கேட்கலாமே.