கிரிஃபின்: கம்பெனி காலத்துப் புதுமுகம்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவுக்குப் புதிதாக வந்திறங்கிய ஆங்கிலேயருக்கு, முன்பே வந்து பழம் தின்று கொட்டை போட்ட ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் கிரிஃபின். சுருக்கமாக ‘கிரிஃப்’. ஊர் நடப்பு அறியாதவர், சுலபமாக ஏமாறுகிறவர் என்று பொருள். முதல் ஒரு வருடம்தான் இந்தப் பட்டம். அதன்பின் தானாகக் கழன்றுவிடும். அச்சில் இச்சொல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்படுகிறது.

அனுபவமில்லாதவரைக் குறிக்க ஆங்கிலத்தில் அதற்கு முன்பும் சொற்கள் உண்டு. ‘கிரீன்ஹார்ன்’ 15ஆம் நூற்றாண்டில் கொம்பு புதிதாக முளைத்த இளங்காளையைக் குறித்தது; 17ஆம் நூற்றாண்டில் படைக்குப் புதியவர் மீது ஏறி, பிறகு எல்லாப் புதியவருக்கும் பொதுவானது. ‘டெண்டர்ஃபுட்’ 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப் பகுதியின் சுரங்கங்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் வழங்கி, பின்னர் சாரணர் இயக்கத்தில் தொடக்கநிலைச் சாரணனின் பெயராயிற்று.

கிரிஃபினின் பிறப்பு மட்டும் பிடிபடவில்லை. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட புராண விலங்குக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, மூலம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வியைப் போடுகிறது: 1746 முதல் 1748 வரை இந்தியக் கடலில் பிரிட்டிஷ் கப்பற்படையை நடத்திய அட்மிரல் கிரிஃபினின் பெயரிலிருந்து வந்திருக்குமோ? பிரெஞ்சுக்காரர் கையில் சென்னை இருந்த நேரம் அது. 1748இல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையருகே நின்ற அவருக்குப் போக்குக் காட்டிவிட்டு, பிரெஞ்சுக் கப்பல்கள் சென்னையில் ஆளையும் பணத்தையும் இறக்கின. கடமையில் அசட்டையாக இருந்தார் என்று 1750இல் கடற்படை விசாரணை மன்றம் தீர்ப்பளித்தது. பொருத்தம் கவர்ச்சியானதுதான். ஆனால் சொல் அச்சேறியது பல பத்தாண்டுகள் கழித்து என்பதால், இதை ஊகம் என்ற அளவில் வைப்பதே நியாயம்.

கேலிக்கு ஆளானவர்களில் பலர் 16, 17 வயதுப் பையன்கள். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகில், அலை தூக்கி அடிக்க அடிக்கக் கரை சேர வேண்டும். இறங்கியதும் மொழியும் தெரியாது, விலையும் தெரியாது. வீடு, வேலையாள், கடன் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷியே கதி. பெற்றோரை விட்டு மாதக்கணக்கில் கடலில் வந்த பிள்ளைகளின் திகைப்பை, அதே திகைப்பைத் தாண்டி வந்தவர்களே சிரித்துக் கழித்தது இச்சொல்லின் கொடுமையான பக்கம். கேப்டன் பெல்லூ 1843இல் வெளியிட்ட ‘ஒரு கிரிஃபினின் நினைவுக் குறிப்புகள்’ ஓர் இளம் ராணுவப் பயிற்சி மாணவனின் முதல் இந்திய வருடத்தைச் சொல்கிறது.

பழகியவர்களுக்கும் பட்டப்பெயர்கள் இருந்தன. வங்காளத்தார் ‘குய்-ஹை’, பம்பாய்க்காரர் ‘டக்’, சென்னை மாகாணத்தார் ‘மல்’. நம் மிளகுத்தண்ணி ஆங்கிலத்தில் ‘மல்லிகடானி’யாகி, அதன் தலை மட்டும் மிஞ்சியதுதான் இந்த ‘மல்’.

பின்னாளில் இந்தியாவில் கிரிஃபின் என்ற வழக்கு மங்கினாலும், சீனக் கடற்கரையின் ஆங்கிலேயர் இச்சொல்லைப் பந்தயத்துக்குப் புதிய மட்டக்குதிரைகளுக்குச் சூட்டினார்கள். ஹாங்காங் பந்தயத் திடலில், அதுவரை எந்தப் பந்தயத்திலும் ஓடாமல் வந்து சேரும் குதிரைக்கு இன்றும் கிரிஃபின் என்றே பெயர்.