கடன் கொப்பியில் எழுதப்பட்ட பருவங்கள்

பதுளைக் கடைவீதியில் எனது வாப்பா நாற்பது வருடங்களுக்கு மேல் சில்லறைக் கடை நடத்தினார். அவர் மௌத்தான பின்னர் கடையைத் துப்புரவு செய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய கடன் கொப்பிகள் கிடைத்தன. எரித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மாலை வெறுமனே புரட்டிப் பார்த்ததில் ஓர் ஒழுங்கு கண்ணில் பட்டது. ஐப்பசி தொடங்கித் தை வரை தோட்டத்து ஆட்களின் பெயர்களுக்கு எதிரே உப்பு, சிவப்புச் சவர்க்காரம், கந்தகம், வேப்பெண்ணெய் என்று எழுதியிருந்தது. ஆனி முதல் புரட்டாதி வரை தேங்காயெண்ணெயும் வசிலினும் இருந்தன. அடுத்த வருடக் கொப்பியிலும் அப்படியே. தோட்டங்களின் பதிவேடுகளில் கொழுந்தின் நிறை உண்டு, பேர் போட்ட நாள் கணக்கு உண்டு. அந்தக் கொழுந்தைப் பறித்த கைகளின் தோல் ஒவ்வொரு பருவத்திலும் என்ன பாடுபட்டது என்பதற்கு எனக்குக் கிடைத்த சான்று இந்தக் கொப்பிகள்தான்.

ஊவாவின் பருவங்களைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கணக்கு விளங்காது. ஹற்றன், நுவரெலியாப் பக்கம் வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் ஆவணி கழிந்தும் விடாது. அதே மாதங்களில் மலையைத் தாண்டி வரும் காற்று தன் ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. கச்சான் என்று சொல்வோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தக் காற்றில் தேயிலைத் துளிர் வாடிச் சுருங்க, அதன் சாரம் செறிந்து ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி மதிப்பு. கொழுந்துக்கு மணம் கொடுக்கும் அதே காற்றில்தான் அதைப் பறிக்கிறவளின் உதடும் குதிகாலும் வெடிக்கின்றன. கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரல்நுனிகளில் கீறல் விழும். தேங்காயெண்ணெய்க் கணக்கின் காரணம் அதுதான்.

வடகீழ்ப் பருவமழை வந்ததும் கதை மாறும். ஹப்புத்தளை, பசறை, மடுல்சீமை மலைகளில் நாள்முழுக்க நனைந்த புல்லுக்குள் நிற்பவர்களுக்கு அட்டையும் சேற்றுப்புண்ணும் தப்பாது. உப்பும் சவர்க்காரமும் அட்டைக்கு. காலில் சவர்க்காரத்தைக் காயவிட்டுக்கொண்டு மலைக்கு ஏறுவார்கள். கந்தகம் சொறி சிரங்குக்கு. ஒரே காம்பிராவில் ஏழெட்டுப் பேர் ஒரே கம்பளிக்குள் ஒடுங்கும் குளிர்காலத்தில் சிரங்கு ஒருவரோடு நிற்பதில்லை.

இந்தச் சாமான்களில் உப்புக்கு எம்மவரோடு நெடுங்கால உறவு உண்டு. கண்டி இராச்சிய காலத்திலேயே முஸ்லிம் வணிகர் தவள மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக் கரையோரத்திலிருந்து ஊவா மலைகளுக்கு வந்தார்கள். ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல். அதற்குப் பிறகுதான் கட்டிச் சவர்க்காரம் எங்கள் கடைவீதியில் மலிந்தது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் அந்தப் பயிரே அழிந்து தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். தேயிலைக்கு வருடம் முழுதும் ஆள் வேண்டும். ஆகவே மழை, கச்சான் இரண்டையுமே ஒரே உடம்பு தாங்க வேண்டியதாயிற்று. கோப்பிக் காலத்தின் கம்பளியே தேயிலையிலும் மழைக்குத் தலைமறைப்பானது. இடுப்பில் படங்கு கட்டினார்கள். பாதத்துக்கு மட்டும் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வெறும் பாதத்துக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் தாங்க முடியாத நமைச்சல் எடுத்துக் கொப்புளிக்கும். சேறு பட்டதால் வந்தது என்றே எல்லோரும் எண்ணினர். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானியின் கையில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. தோல் சிவந்து நமைத்தது. சில வாரங்களின் பின்னர் அவருடைய மலத்திலேயே அந்தப் புழுவின் முட்டைகள் காணப்பட்டன. 1902இல் பென்ட்லி என்ற மருத்துவர், அசாம் தேயிலைத் தோட்டங்களில் ‘பானி காவ்’ எனப்பட்ட கால்புண்ணுக்குக் காரணம் மண்ணிலுள்ள இதே புழுக்குஞ்சுகள்தான் என எழுதினார். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை உயிர்வாழும். காய்ந்த மண்ணில் மடிந்துபோகும். மழைக்காலத்துக் கால் நமைச்சல் என்று சாதாரணமாகக் கருதப்பட்டது, புழு உடலுக்குள் நுழைந்த அடையாளம். உள்ளே போன புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். கச்சான் மாதங்களில் தோல் வெளிறி, மூச்சு வாங்கி, மலை ஏற முடியாமல் நின்ற பெண்ணைச் சோம்பேறி என்று கங்காணி ஏசினார். அவளுடைய நோய், முந்திய மாரியிலேயே விரலிடுக்கு வழியாக உள்ளே போயிருக்கக்கூடும்.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பித்தது. பரிசோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் புழு இருந்தது. கீனோபோடியம் எண்ணெய் என்ற கடுமையான மருந்தும் பேதி மருந்தும் கொடுக்கப்பட்டன. மருந்து கொடுக்கத் தோட்டத் துரைமார் பெரிதாகத் தடை சொல்லவில்லை. மலசலகூடம் கட்டுவதென்றால் செலவு, அதில் தயங்கினார்கள். மருந்து குடித்தவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு இறங்கினார். புழு மீண்டும் வந்தது. கலாநிதி சோம ஹேவா இந்த வரலாற்றை 1995இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தோட்ட மருத்துவத்துக்கென 1872 முதல் சட்டங்கள் இருந்தன. இருந்தும் எங்கள் கடைக்கு வந்தவர்கள் கந்தகத்தையும் எண்ணெயையும் தங்கள் சம்பளத்தில்தான் வாங்கினார்கள். “நானா, ரெண்டு கட்டி செவப்பு சோப்பு, கொப்பியில எழுதிக்கிங்க” என்ற குரல் இன்னும் காதில் நிற்கிறது. தோட்டத்தின் பெயரில் வாப்பா ஒரு வரியும் எழுதியதாக நான் காணவில்லை.

எங்கள் வீட்டிலும் பருவத்துக்கு ஒரு மருத்துவம் இருந்தது. மார்கழியில் சுபஹுத் தொழுகைக்கு ஐஸ் போன்ற தண்ணீரில் வுளுச் செய்து செய்தே உம்மும்மாவின் பாதங்கள் வெடித்திருக்கும். இஷாத் தொழுத பின்னர் தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் குதிகாலில் தேய்ப்பார். பெருநாளுக்கு வைக்கும் மருதோன்றியைக் கொஞ்சம் ஒதுக்கி, மாரி காலத்தில் விரலிடுக்கில் அப்பிக்கொள்வார். தோட்டத்துப் பெண்களும் கேட்டு வாங்கிப் போவார்கள். அதற்கு மட்டும் கொப்பியில் கணக்கில்லை.

1970களின் நடுவில் கொப்பிகளில் வரிகள் மெலிகின்றன. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம் அது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. சவர்க்காரம் பல மாதங்கள் காணப்படவில்லை. மாவும் மரவள்ளியும்தான் இருக்கின்றன. வயிறு காயும்போது தோலை யார் நினைப்பார்?

இதுவரை பிறரைக் குறை சொன்னேன். என் குறையையும் சொல்லவேண்டும். வாப்பாவுக்குப் பிறகு கடையில் நான் இருந்தபோது முகத்தை வெளுப்பாக்கும் கிறீம் வந்தது. சின்னக் குப்பி. தயாரித்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. வெயிலில் கறுத்ததை வெட்கமாக எண்ணிய தோட்டத்துப் பிள்ளைகள், கச்சான் காலத்தில் அதிகம் வாங்கினார்கள். நானும் விற்றேன். ஒரு பிள்ளையின் முகம் சிவந்து எரிந்து உரிந்த பிறகுதான் விசாரித்தேன். இத்தகைய கிறீம்கள் பலவற்றில் பாதரசம் உண்டு. அது தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இன் மினமாட்டா உடன்படிக்கை பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ளவற்றை 2020க்குள் நிறுத்தச் சொன்னது. 2023இல் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025க்குப் பின் ஆகாதென முடிவெடுத்தன. நான் விற்பதை நிறுத்தியது இவையெல்லாம் வருவதற்கு முன்பு என்பது சிறு ஆறுதல். அந்தப் பிள்ளைக்கு அது ஆறுதலாகாது.

கொப்பிகளில் சில பெயர்களின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் ‘இந்தியா’ என்று வாப்பா எழுதியிருக்கிறார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறியவர்கள். அவர்கள் கடனை அவர் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களுக்கு ஆனி, ஆடி அடைமழைக் காலம். ஊவாவில் அந்த மாதங்களில் குதிகாலுக்கு எண்ணெய் வாங்கியவர்கள், அங்கே அதே மாதங்களில் அட்டைக்கு உப்புத் தேடியிருப்பார்கள். அங்கே எந்தக் கடைக்காரர் அதைத் தம் கொப்பியில் எழுதி வைத்தாரோ!

தகரப் பெட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. எரிக்கும் எண்ணம் போய்விட்டது.